மேசை அகலத்துக்கு ஒரு மாவுத்தாள்: போஸ்னிய உருளைக்கிழங்கு பிட்டா செய்யும் முறை

மைதா, தண்ணீர், உப்பு, எண்ணெய், வெண்ணெய், உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகு. போஸ்னியாவில் ஒரு குடும்பத்தின் இரவுச் சாப்பாட்டுக்கு இந்த எட்டும் போதும். மாவை மேசை அகலத்துக்கு இழுப்பார்கள், அடியில் விரித்த துணியின் பூப்போட்ட சித்திரம் தெரிகிற அளவுக்கு. ஓரத்தில் கிழங்கைத் தூவிச் சுருட்டி, வட்டத் தட்டில் நத்தை ஓடுபோல் சுற்றி வைத்துச் சுடுவார்கள். வெந்து வரும்போது மேல்தோல் மொறுமொறுவென்று இருக்கும். உள்ளே மெல்லிய மாவு அடுக்கடுக்காக வெண்ணெயில் ஊறிக் கிடக்கும். இதற்குப் பெயர் க்ரொம்பிருஷா.

போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் சில மாதங்கள் வாடகைக்கு இருந்தபோது வீட்டுக்கார அம்மாவிடம் இதைக் கற்றுக்கொண்டேன். அவர் வீட்டில் தராசு கிடையாது. எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால், "மாவு வாங்கிக்கொள்கிற அளவு" என்பார். போஸ்னிய வீடுகளில் எல்லோரும் சொல்லும் பதில்தான் அது. அதனால் அவர் கையையே பார்த்து அளந்து எழுதிவைத்துக்கொண்டேன். பிறகு நம் ஊர் மைதாவுக்கும் வீட்டு ஓடிஜி மின்சார அடுப்புக்கும் பலமுறை செய்து பார்த்து அளவைச் சரிசெய்தேன். கீழே இருப்பது அந்த அளவு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிட்டா என்றதும் பலருக்கு அரபு நாட்டு வட்ட ரொட்டி நினைவுக்கு வரும். இது அது இல்லை. போஸ்னியாவில் மெல்லிய மாவுத்தாளில் சுருட்டிச் சுட்ட எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் பிட்டா. உள்ளே இறைச்சி இருந்தால் மட்டும் அது புரெக். பாலாடைக்கட்டி என்றால் சிர்னித்ஸா, கீரை என்றால் ஸெல்யானித்ஸா, பரங்கிக்காய் என்றால் திக்வெனியாச்சா. பக்கத்து நாடான செர்பியாவில் பாலாடைக்கட்டி வைத்ததையும் புரெக் என்றே சொல்வார்கள். சரயேவோ கடையில் போய் 'சீஸ் புரெக்' கேட்டால் திருத்துவார்கள், அதுவும் அக்கறையோடு. மாவுத்தாளுக்கு அங்கே யுஃப்கா என்று பெயர். புரெக்கும் யுஃப்காவும் துருக்கிச் சொற்கள். 1463இல் போஸ்னியா துருக்கியரின் ஒட்டோமான் ஆட்சிக்குள் வந்து, 1878இல் ஆஸ்திரிய ஹங்கேரியர் வரும்வரை அதில் இருந்தது. சமையலறையில் அந்த நூற்றாண்டுகள் இன்னும் இருக்கின்றன. உருளைக்கிழங்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெகுகாலம் கழித்து வந்தது. அங்கே அதன் பெயரான க்ரொம்பிர், 'நிலத்துப் பேரிக்காய்' என்று பொருள்படும் ஜெர்மன் வட்டாரச் சொல்லிலிருந்து வந்தது.

இத்தனை வகையில் புதிதாகச் செய்பவர்களுக்கு உருளைக்கிழங்கையே சொல்வேன். கிழங்கு உலர்ந்த பொருள். தாளில் ஓட்டை விழுந்தாலும் வெளியே வழியாது. கீரையும் பாலாடைக்கட்டியும் நீர் விட்டுச் சோதிக்கும். அவை இரண்டாம் தடவைக்கு இருக்கட்டும்.

என்னென்ன வேண்டும்

இது நான்கு பேருக்கான அளவு. 28 முதல் 30 செ.மீ. வரை அகலமுள்ள வட்டத் தட்டு ஒன்று நிறையும். சதுரத் தட்டுதான் இருக்கிறது என்றால் அதுவும் சரி. சுற்றி வைப்பதற்குப் பதில் நீளவாக்கில் வரிசையாக அடுக்கலாம், போஸ்னிய வீடுகளிலும் அப்படிச் செய்வதுண்டு.

மாவுக்கு: மைதா 300 கிராம், தண்ணீர் 165 முதல் 175 மி.லி. வரை, உப்பு முக்கால் தேக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி.

உள்ளே வைக்க: உருளைக்கிழங்கு 600 கிராம், பெரிய வெங்காயம் 150 கிராம், அப்போது பொடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி.

தாளில் தெளிக்க: சூரியகாந்தி எண்ணெய் 60 மி.லி., உருக்கிய வெண்ணெய் 40 கிராம், இரண்டையும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். மணம் தூக்கலான எண்ணெய் வேண்டாம். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இந்தப் பண்டத்தின் சுவையை மூடிவிடும்.

கறிமசாலா, பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஒன்றும் சேர்க்காதீர்கள். கை பரபரக்கும், தெரியும். ஒரு தடவையாவது மிளகும் வெங்காயமும் மட்டும் போட்டுச் செய்து சாப்பிட்டுப் பாருங்கள். சுட்ட மாவின் வாசனையும் கிழங்கின் இனிப்பும் அப்போதுதான் நாவுக்குத் தெரியும்.

இவை தவிர ஒரு பெரிய பருத்தித் துணி வேண்டும். பழைய படுக்கை விரிப்பு மிகவும் நல்லது, அங்கேயும் அதைத்தான் எடுப்பார்கள். பூவோ கட்டமோ போட்டதாக இருந்தால், தாள் போதுமான அளவு மெலிந்துவிட்டதா என்று அதுவே காட்டிக்கொடுக்கும். நாலு பக்கமும் சுற்றிவர முடிகிற மேசை ஒன்றும் வேண்டும். சுவரோடு ஒட்டிக் கிடந்தால் இழுத்துப் போடுங்கள். ஒரு பக்கம் நின்றபடி எட்டி இழுத்தால் தாள் அந்தப் பக்கமே கிழியும்.

மாவு

உப்பை மைதாவில் கலந்து, வெதுவெதுப்பான தண்ணீரை 165 மி.லி. வரை ஊற்றிப் பிசையத் தொடங்குங்கள். எண்ணெயையும் விடுங்கள். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, விரலில் ஒட்டுகிறதோ என்று தோன்றும் பதத்தில் இருக்க வேண்டும். இறுக்கமாகத் தெரிந்தால் மீதித் தண்ணீரைத் தெளித்துச் சேருங்கள். பிறகு 10 நிமிடம் கைவிடாமல் பிசையுங்கள். அடித்தும் மடித்தும் பிசையலாம். காது மடலைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி வழவழப்பாக வந்ததும் நிறுத்துங்கள்.

இரண்டு சம உருண்டைகளாகப் பிரித்து, ஓரங்களை அடியில் மடித்து மேற்பரப்பு விரிசல் இல்லாதபடி உருட்டுங்கள். தட்டில் வைத்து எண்ணெயை நன்றாகத் தடவி மூடி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

முழுச் செய்முறையிலும் குறுக்குவழி இல்லாத இடம் இந்த ஒரு மணி நேரம்தான். பிசையும்போது மாவுக்குள் குளூட்டன் என்கிற பசைப் புரதம் ரப்பர்போல் இறுகிவிடும். அந்த நிலையில் இழுத்தால் சுருங்கிக்கொண்டு திரும்பி வரும், வலுவாக இழுத்தால் கிழியும். ஊறிக் கிடக்கும்போது அந்த இறுக்கம் தானாகத் தளர்கிறது. பரோட்டா மாஸ்டர் உருண்டைகளை எண்ணெயில் முழுக்காட்டி வைத்திருப்பதும் இதற்காகத்தான். முதல் தடவை நான் 20 நிமிடத்தில் அவசரப்பட்டு எடுத்தேன். மாவு என் கையோடு சண்டை போட்டது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் உருண்டையை என்னிடமிருந்து வாங்கித் தட்டில் வைத்து மூடிவிட்டு, காப்பி போடப் போனார். நாங்கள் குடித்து முடிப்பதற்குள் மாவு இணங்கியிருந்தது.

மாவு ஊறும் நேரத்தில் கிழங்கைத் தோல் சீவிச் சிறுசிறு சதுரமாக, அரை செ.மீ. அளவுக்கு நறுக்குங்கள். வேகவைக்க வேண்டாம், பச்சையாகத்தான் போகும். துருவியும் போடுகிறார்கள். நறுக்கியதுதான் எனக்குப் பிடிக்கும், பல்லுக்கு ஏதாவது அகப்படும். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, மிளகும் எண்ணெயும் சேர்த்துப் பிரட்டி வையுங்கள். உப்பை இப்போது போடாதீர்கள். போட்டால் மாவு தயாராவதற்குள் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் கட்டி நிற்கும். அந்தத் தண்ணீர் தாளை நனைத்துக் கிழித்துவிடும்.

தாளை இழுப்பது

மின்விசிறியை நிறுத்துங்கள். நம் ஊர் வெக்கையில் கடினம்தான், ஆனால் ஓடும் விசிறிக்கு அடியில் தாள் இரண்டு நிமிடத்தில் காய்ந்து அப்பளமாக நொறுங்கும். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். நகம் நீளமாக இருந்தால் விரல் நுனி மாவில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பை 230 டிகிரிக்கு முடுக்கிவிடுவதற்கும் இதுவே நேரம்.

துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து மைதாவை லேசாகத் தூவித் தேய்த்துவிடுங்கள். நடுவில் ஓர் உருண்டையை வைத்து, பூரிக்கட்டையால் 35 செ.மீ. வட்டமாகத் தேயுங்கள். மேலே எண்ணெய் தடவி இன்னொரு 10 நிமிடம் விடுங்கள். அவசரக்காரர்கள் இதைத் தாண்டிப் போவார்கள். ஆனால் முதல் ஒரு மணி நேரத்துக்கு அடுத்தபடி பலன் தருவது இந்த 10 நிமிடம்தான்.

இனி இழுக்கலாம். கைகளை முஷ்டியாக மடக்கி, புறங்கை மேலே இருக்கும்படி தாளுக்கு அடியில் நடுப்பகுதிவரை நுழையுங்கள். தாளைச் சற்றே தூக்கி, இரண்டு கைகளையும் உங்களை நோக்கி மெதுவாக ஓரம்வரை கொண்டுவாருங்கள். பிடித்து இழுப்பதாக நினைக்காதீர்கள். கை நகர்கிறது, மாவு அதன் மேல் வழுக்கி விரிகிறது, அவ்வளவே. ஒரு முறை செய்ததும் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த இடத்தில் செய்யுங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை செய்யக் கூடாது. மேசையை இப்படி மூன்று நான்கு முறை சுற்றி வரும்போது தாள் மேசை அகலத்துக்கு வந்திருக்கும்.

எங்கே தடிமனாக இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். மெலிந்த இடத்தில் துணியின் நிறம் தெளிவாகத் தெரியும், தடித்த இடத்தில் வெண்மையாக மங்கியிருக்கும். கையை வெண்மையான இடத்துக்குக் கொண்டுபோங்கள். 70 செ.மீ. சதுரம் அளவுக்கு விரிந்தால் முதல் தடவைக்குத் தாராளம். அந்த அம்மாவின் தாள் மேசையின் நாலு பக்கமும் தொங்கும், ஆனால் அவர் பள்ளிக்கூடம் போன வயதிலிருந்து இழுப்பவர்.

ஓரம் மட்டும் கயிறுபோல் தடித்து நிற்கும். விரல்களால் கிள்ளிப் பிடித்து வெளிப்பக்கம் மெல்ல இழுத்துக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். அப்படியும் இணங்காத ஓரத்தைக் கத்தியால் வெட்டிவிடலாம். வெட்டிய மாவைச் சேர்த்து உருட்டி மூடி வைத்தால் பிறகு சிறிய தாள் ஒன்று தேறும்.

தாள் கிழியும். எல்லோருக்கும் கிழியும். விரல் நுழையும் ஓட்டைகளைப் பொருட்படுத்தாதீர்கள். சுருட்டும்போது அதன்மேல் இன்னொரு அடுக்கு வந்து மூடிவிடும். உள்ளங்கை அளவுக்குக் கிழிந்தால், வெட்டிய ஓரத் துண்டு ஒன்றை மெலிதாக இழுத்து அதன்மேல் போட்டுவிடுங்கள், போதும். ஒட்டவைக்க முயன்று அழுத்தினால் இன்னும் பெரிதாகும். கிழிசல் ஒவ்வொன்றுக்கும் நான் முகம் சுளித்தபோது அந்த அம்மா சொன்னது எனக்குப் பெரிய தைரியம்: "தட்டில் யாரும் ஓட்டையை எண்ணப் போவதில்லை."

சுருட்டி அடுக்குவது

எண்ணெய் வெண்ணெய்க் கலவையில் கால் பங்கைக் கரண்டியால் தாள் முழுக்கத் தெளியுங்கள். தூரிகை வேண்டாம், அது தாளை இழுத்துக் கிழிக்கும். திட்டுத்திட்டாக விழுந்தால் போதும், பூசி மெழுக வேண்டியதில்லை. கொழுப்பு விழுந்த இடத்தில் அடுக்குகள் பிரியும், விழாத இடத்தில் ஒட்டும். இரண்டும் கலந்து வருவதில்தான் சுவை.

இப்போது கிழங்கில் உப்பைப் போட்டுப் புரட்டிப் பாதியை எடுங்கள். உங்கள் பக்கத்து ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வரிசை, எதிர்ப்பக்க ஓரத்தில் ஒரு வரிசை என்று நெடுக வையுங்கள். ஓரத்தை எடுத்துக் கிழங்கின் மேல் மூடுங்கள். அடுத்து மாவைத் தொட வேண்டாம். துணியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால், பாய் சுருளுவதுபோல் அது தானாகவே உருண்டு நடுவரை போகும். மறுபக்கத்தையும் இதே மாதிரி செய்யுங்கள். இரண்டு சுருளும் நடுவில் சந்திக்கும் இடத்தில் கத்தியால் நீளமாகப் பிரித்துவிடுங்கள். இறுக்கிச் சுருட்டாதீர்கள். வேகும்போது கிழங்கின் ஆவி மாவை உப்பவைக்கும், இடமில்லாவிட்டால் வெடிக்கும்.

எண்ணெய் தடவிய தட்டின் நடுவில் முதல் சுருளை நத்தைபோல் சுற்றுங்கள். அடுத்த சுருள் அதன் வால் முடிந்த இடத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகச் சுற்றி வரட்டும். இரண்டாவது உருண்டையும் இப்படியே. மொத்தம் நான்கு சுருளில் தட்டு நிறையும். சுருள்கள் ஒன்றையொன்று தொட்டால் போதும், நெருக்கித் திணிக்க வேண்டாம். மீதிக் கொழுப்பை மேலே தெளியுங்கள்.

சுடுவது

சரயேவோவின் பழைய கடைத்தெருவான பாஷ்சார்ஷியாவில் புரெக்ஜினித்ஸா எனப்படும் பிட்டாக் கடைகள் உண்டு. சிலவற்றில் இன்னும் சாச் என்கிற குவிந்த இரும்பு மூடியில்தான் சுடுகிறார்கள். தட்டுக்கு அடியில் கனல், மேலே மூடிய சாச்சின் முதுகிலும் கனல். மேலும் கீழும் ஒரே சமயத்தில் உலர்ந்த சூடு. அந்தச் சூட்டுக்கு மிக அருகில் வருவது, ஓடிஜியில் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டுத் தட்டைக் கீழ்த்தட்டில் வைப்பது. மேலே சிவந்து அடி வெளுத்துப்போவதுதான் வீட்டு அடுப்பில் அடிக்கடி நடப்பது. கீழ்த்தட்டு அதைத் தடுக்கும்.

220 டிகிரியில் 15 நிமிடம். பிறகு 200 டிகிரிக்குக் குறைத்து இன்னும் 20 முதல் 25 நிமிடம். மேலே தேன் நிறம் வந்துவிட்டதே என்று எடுத்துவிடாதீர்கள். ஓரச் சுருளைத் தட்டையான கரண்டியால் தூக்கி அடியைப் பாருங்கள், அதுவும் சிவந்திருக்க வேண்டும். கத்தி நுனியைச் செருகினால் கிழங்கு தடுக்கக் கூடாது. மேல்பக்கம் முந்திக்கொண்டு கருகத் தொடங்கினால் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள்.

வெளியே எடுத்தவுடன் செய்யும் ஒரு வேலை புதியவர்களைத் திடுக்கிடவைக்கும். கால் டம்ளர் கொதிநீரில் ஒரு தேக்கரண்டி வெண்ணெயும் சிட்டிகை உப்பும் கலந்து, மொறுமொறு மேற்பரப்பின் மீது தெளிக்க வேண்டும். சுர்ரென்று சத்தம் வரும். உடனே ஒரு சுத்தமான துணியைப் போட்டு 10 நிமிடம் மூடிவிடுங்கள். பாடுபட்டுக் கொண்டுவந்த மொறுமொறுப்பு போய்விடுமே என்று நானும் தயங்கினேன். போகாது. உடைந்து உதிரும் வறட்சி போய், கடிக்கும்போது மேலே சலசலப்பும் உள்ளே மென்மையும் சேர்ந்து வரும். இதைச் செய்யாத பிட்டா ஆறினால் ஓடுபோல் ஆகிவிடும்.

துண்டு போட்டுச் சூடாக, குடிக்கும் பதத்தில் கெட்டியான தயிரோடு சாப்பிடுவார்கள். நல்ல தயிரைத் தண்ணீர் விடாமல் கடைந்து டம்ளரில் ஊற்றிக்கொண்டால் அதேதான். ஒரு வாய் பிட்டா, ஒரு மிடறு தயிர்.

சரியாக வரவில்லை என்றால்

தாள் திரும்பத் திரும்பச் சுருங்கினால் ஊறிய நேரம் போதவில்லை. மூடி 20 நிமிடம் விட்டுவிட்டுத் தொடருங்கள். விரியாமலே வறண்டு கிழிந்தால் தண்ணீர் குறைவு. பிசுபிசுத்து ஓட்டை ஓட்டையாகப் போனால் தண்ணீர் கூடுதல், அல்லது பிசைந்தது போதவில்லை. உள்ளே களியாக இருந்தால் உப்பை முன்னாலேயே போட்டிருப்பீர்கள், அல்லது தாள் தடிமனாக இருந்திருக்கும்.

இழுக்கவே பயமாக இருக்கிறது என்றால் பெரிய கடைகளில் உறைநிலையில் கிடைக்கும் ஃபிலோ தாளை வாங்கி, இரண்டிரண்டாக எண்ணெய் தெளித்துச் சுருட்டலாம். பிட்டா கிடைக்கும். ஆனால் கையால் இழுத்த தாளுக்கு ஒரு மெல்லிய இழுவை உண்டு, அது இதில் வராது. சமோசா தாள் ஒத்துவராது. அது ஏற்கெனவே சுட்டது, தடிமனும் கூட.

கை பழகிய பிறகு

கீரை வைப்பதானால் பசலைக்கீரையைப் பச்சையாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசறி 10 நிமிடம் கழித்து நன்றாகப் பிழியுங்கள். உதிர்த்த பனீர், ஒரு முட்டை, இரண்டு கரண்டி வடிகட்டிய கெட்டித் தயிர் சேர்த்தால் ஸெல்யானித்ஸாவுக்கு மிக நெருங்கி வரும். அங்கே போடும் இளம் பசும்பால் கட்டியும் பனீர்போல உருகாமல் நிற்பதுதான், உப்பு மட்டும் சற்றுத் தூக்கல். கீரையில்லாமல் பனீர்க் கலவை மட்டும் வைத்தால் சிர்னித்ஸா. பரங்கிக்காயைத் துருவிப் பிழிந்து வைக்கலாம், உப்புப் போட்டும் செய்வார்கள், சர்க்கரை போட்டும் செய்வார்கள். புரெக்குக்கு அங்கே பொடியாகக் கொத்திய மாட்டிறைச்சி. ஆட்டுக் கொத்துக்கறியும் பொருந்தும், 400 கிராம் கறிக்கு 200 கிராம் வெங்காயம். அதையும் வதக்காமல் பச்சையாகவே வையுங்கள். கறியின் சாறு மாவுக்குள் இறங்க வேண்டும், வாணலியில் போய்விடக் கூடாது.

போஸ்னியாவைத் தாண்டினால் இதே குடும்பம் வேறு வேறு முகம் காட்டும். செர்பியாவின் புரெக் பெரும்பாலும் சுருள் இல்லை, வட்டத் தட்டில் அடுக்கிச் சுட்டு நாலாக வெட்டித் தருவது. அங்கேயே கிபானித்ஸா என்று முட்டையும் பாலாடைக்கட்டியும் தாள்களுக்கு இடையே கசக்கிப் போட்டுச் சுடுவதும் உண்டு. பல்கேரியாவின் பானித்ஸாவில் புத்தாண்டு அன்று நல்வாக்கு எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒளித்து வைப்பார்கள். யார் துண்டில் எது வருகிறதோ அது அவர்களுக்கு அந்த ஆண்டு. கொசோவோவின் ஃப்ளியா தாளே இல்லாமல், கரைத்த மாவைக் கோடு கோடாக ஊற்றி, ஒவ்வொரு அடுக்கையும் சாச் மூடியால் சுட்டுச் சுட்டு ஏற்றுவது. அதற்கு அரைநாள் வேண்டும், அவசரமில்லாத கூட்டமும் வேண்டும்.

மிஞ்சினால் குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். நுண்ணலை அடுப்பில் வைக்காதீர்கள், தோல்போல் இழுபடும். எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறுதீயில் மூடி இரண்டு பக்கமும் புரட்டினால் முதல்நாள் மொறுமொறுப்பு திரும்பி வரும். ஆனால் காலையில் எழுந்ததும், சூடாக்காமல், நின்றபடியே ஒரு துண்டைக் காப்பியோடு சாப்பிட்டுப் பாருங்கள். இரவு முழுக்க மிளகு கிழங்குக்குள் இறங்கியிருக்கும்.